போன் டெட் ஆன பிறகு

பூகம்பத்துக்குப் பின் மீட்புக் குழுக்களுக்கு முதலில் தேவைப்படுவது செய்தி. முதலில் அறுந்துபோவதும் அது வரும் வழிதான். நெரிசலான காக்ஸ் டவுன் போன்ற பகுதிகளுக்கு பூஜும் போர்ட் பிளேரும் சொல்லும் பாடம் என்ன?

2001 ஜனவரி 26 காலை 8.46 மணி. நாடு குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது குஜராத்தின் கட்ச் மாவட்டம் குலுங்கியது. மூன்று நாள் கழித்து, பூஜ் நகரின் இடிபாடுகளை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த பெங்களூரும் லேசாக அசைந்தது. மாண்டியா பக்கம் மையம் கொண்டிருந்த அந்த அதிர்வின் அளவு 4.3தான். பெரிய சேதம் இல்லை. ஆனால் தக்காணப் பீடபூமி அசையாத பாறை என்ற பழைய தைரியத்தை அது இன்னும் கொஞ்சம் குறைத்தது. அந்த தைரியம் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில், மகாராஷ்டிரத்தின் கில்லாரி மண்ணோடு மண்ணானபோதே ஆட்டம் கண்டிருந்தது.

2002-ல் வெளியான இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பூகம்ப வரைபடம் பெங்களூரை ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வைத்தது. ஆனால் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டி.ஜி. சீதாராமும் பி. அன்பழகனும் நகரின் மண்ணைத் துளையிட்டு ஆராய்ந்தபோது வேறு சில கவலைகள் தெரிந்தன. மாண்டியா, சன்னபட்ணா வழியாக பெங்களூரை நோக்கி வரும் நிலவெடிப்புக் கோட்டில் 5.1 அளவுக்கு ஒரு பூகம்பம் வரலாம் என்று அவர்கள் கணக்கிட்டனர். தூர்ந்துபோன ஏரிகள் மீது வீடு கட்டிக்கொண்ட நகரத்தில், மண் அந்த அதிர்வைப் பல இடங்களில் பெரிதாக்கிக் காட்டும். 5.1 என்பது கட்ச் பூகம்பத்துக்கு உறைபோடக் காணாது. ஆனால் பெங்களூரில் கட்டடம் விழ பூகம்பம்கூட வேண்டியதில்லை. 1983-ல் கபாலி தியேட்டர் அருகே கட்டிக்கொண்டிருந்த ஏழு மாடி கங்காராம்ஸ் கட்டடம் தானாகவே சரிந்து 120-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 அக்டோபரில் பாபுசாபாளையாவில் ஒரு கட்டடம் சரிந்து தொழிலாளிகள் செத்தார்கள். அந்த இடம் காக்ஸ் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான்.

உல்சூர் ஏரிக்கு வடக்கே, பெங்களூர் ஈஸ்ட் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் காக்ஸ் டவுன், கன்டோன்மென்ட் தமிழர்களின் பழைய பகுதிகளில் ஒன்று. ஓட்டு வீடுகளும் பங்களாக்களும் இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள். மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். இங்கே ஒரு வீட்டில் இருப்பவர்களைவிட அந்த வீட்டில் இருக்கும் போன்கள் அதிகமாக இருக்கலாம். அவை அத்தனையும் ஒரே சில டவர்களை, ஒரே மின்சாரத்தை, மரத்துக்கு மரம் தொங்கும் ஒரே ஃபைபர் கேபிள்களை நம்பியிருக்கின்றன. தரை ஒரு நிமிடம் ஆடினால் என்ன ஆகும்?

செத்துப்போகும் மூன்று விதம்

பூகம்பத்தில் தகவல் தொடர்பு மூன்று விதமாகச் சாகிறது. முதலாவது, நேரடி அடி. 1985 செப்டம்பரில் மெக்சிகோ சிட்டியில் தொலைதூர இணைப்புகளைக் கையாண்ட டெலிபோன் கட்டடம் நொறுங்கியது. தலைநகரமே வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டது.

இரண்டாவது, மின்சாரம். மொட்டைமாடி மொபைல் டவருக்குக் கட்டடம் தாங்கினாலும் கரண்ட் வேண்டும். பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு ஜெனரேட்டர், டீசல். இடிபாடு அடைத்துக்கொண்ட தெருவில் டீசல் எப்படி வரும்? இந்த இடத்தில் பழைய லேண்ட்லைன் ஒருபடி மேல். பெங்களூர் தூரவாணி நகரில் 1948-ல் தொடங்கப்பட்டு, கிழக்கு பெங்களூரின் ஏராளமான தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஐ.டி.ஐ. தொழிற்சாலையின் கறுப்பு டெலிபோனுக்கு வீட்டில் கரண்ட் தேவைப்படவில்லை. எக்ஸ்சேஞ்சின் பேட்டரி செம்புக் கம்பி வழியாகவே அதற்கு உயிர் கொடுத்தது. இன்றைய ஃபைபர் இணைப்பில் வீட்டின் கரண்ட் போனால் போனும் போயிற்று.

மூன்றாவது, நெரிசல். கட்டடமும் நின்று, கரண்டும் இருந்தால்கூட ஊரே ஒரே நேரத்தில் டயல் செய்யும். 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரம் குலுங்கிய அன்று அந்த நகரத்துக்கு வந்த அழைப்புகள் வழக்கத்தைப்போல் சுமார் 50 மடங்காகப் பெருகின. 'நன்றாக இருக்கிறாயா?' என்று கேட்கும் உறவினரின் அழைப்பும், கிரேன் கேட்கும் தீயணைப்பு அதிகாரியின் அழைப்பும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. ஜப்பான் பாடம் கற்றது. 1998-லிருந்து அங்கே 171 என்ற எண்ணுக்கு போன் செய்து குடும்பத்தினருக்குச் செய்தியைப் பதிவு செய்துவிட்டு லைனைக் காலி செய்யலாம்.

மௌனமும் ஒரு செய்தி

பூஜில் இந்த மூன்றும் ஒன்றாக நடந்தன. எக்ஸ்சேஞ்சுகள் சேதமடைந்தன, கரண்ட் போயிற்று, மாவட்ட ஆஸ்பத்திரியே இடிந்து விழுந்தது. அன்று காலை நாட்டின் கவனம் அகமதாபாத் மீது இருந்தது. அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்திருந்தன. கேமராக்களும் வேலை செய்யும் போன்களும் அங்கேதான் இருந்தன. கட்ச் பேசவில்லை. அதனால் அங்கே பேரழிவு எவ்வளவு பெரியது என்பது வெளியே புரிவதற்குள் விலைமதிப்பற்ற மணி நேரங்கள் ஓடிப்போயின. பூஜ், பச்சாவ், அஞ்சார், ராப்பர் என்று ஊர் ஊராக மக்கள் வெறும் கைகளால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

மீட்புப் பணியின் அடிப்படைக் கணக்கு இங்கேதான் தவறுகிறது. அழைப்பு எங்கிருந்து அதிகம் வருகிறதோ அங்கே வண்டி முதலில் போகிறது. ஆனால் அதிகம் அடிபட்ட இடத்திலிருந்து அழைப்பே வராது. இடிபாட்டில் சிக்கியவர்களின் பிழைக்கும் வாய்ப்பு முதல் நாளுக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது என்பதால் இந்தத் தவறின் விலை உயிர்தான். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் வந்த அழைப்புகளின் பட்டியலோடு, வராத அழைப்புகளின் பட்டியலையும் வைத்திருக்க வேண்டும். எந்த டவர்கள் அணைந்தன, எந்த போலீஸ் ஸ்டேஷன் பதில் சொல்லவில்லை, எந்த ஆஸ்பத்திரி மௌனம் என்று பார்த்தால், யாரும் சொல்லாமலே சேதத்தின் வரைபடம் கிடைத்துவிடும்.

வந்த செய்தி போகாத கதை

செய்தி வந்தும் வீணாவது இன்னொரு ரகம். 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூகம்பம். கார் நிகோபாரில் இருந்த விமானப்படைத் தளத்தை அலைகள் விழுங்கின. தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்ற தகவல் அங்கிருந்து காலை எட்டு மணிக்குள் சென்னைக்கு வந்தது என்று அப்போதைய விமானப்படைத் தளபதி எஸ். கிருஷ்ணசாமி பின்னர் பத்திரிகைகளிடம் கூறினார். பிறகு அந்த இணைப்பும் அறுந்தது. மெரினாவைக் கடல் தாக்கியது ஏறத்தாழ ஒன்பது மணிக்கு. இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கடற்கரையில் கிரிக்கெட் ஆடியவர்களுக்கும் நாகப்பட்டினத்து மீனவர்களுக்கும் அந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்க வழி எதுவும் இல்லை. அன்று வானிலைத் துறை டெல்லிக்கு அனுப்பிய ஃபாக்ஸ் ஒன்று, பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்றும் செய்திகள் வந்தன.

அதே நாளில், அதே கடலின் நடுவே, எதிர்மாறான ஒரு கதையும் நடந்தது. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத், ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ கழகத்தின் குழுவோடு போர்ட் பிளேருக்கு வந்திருந்தார். ஹாம் ரேடியோ பொழுதுபோக்காளர்களுக்கு அந்தமான் அபூர்வமான இடம். 17 ஆண்டுகளாக அங்கிருந்து யாரும் ஒலிபரப்பவில்லை. ஹோட்டலில் ஏரியல் கட்டி உலகமெங்குமுள்ள ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்த அவர், பூகம்பம் வந்தபோதும் ரேடியோ முன்னால்தான் இருந்தார். அதிர்வு என்று சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போயிற்று.

சில மணி நேரத்தில் பொழுதுபோக்கு கடமையாக மாறியது. ஜெனரேட்டரை வைத்து நிலையத்தை உயிர்ப்பித்து, வெளியுலகோடு பேசத் தொடங்கினார் பாரதி. துணை ஆணையர் அலுவலகத்தில் ஒரு ஹாம் நிலையம் முளைத்தது. இன்னொரு குழு கார் நிகோபாருக்குப் போனது. தீவிலிருந்து தீவுக்கும், தீவிலிருந்து தாய்நாட்டுக்கும் மருந்து, தண்ணீர், காணாமல்போனவர்கள், உயிரோடு இருப்பவர்கள் பற்றிய செய்திகள் அந்த அலைகள் வழியே போயின. சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் விலகியிருந்த தீவுகளுக்கு அன்று கடலடி கேபிள் கிடையாது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கேபிள் போட்டு முடித்தது 2020 ஆகஸ்டில்தான்.

ஹாம் ரேடியோவின் பலம் அதன் எளிமை. டவர் வேண்டாம், எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். ஒரு செட், கார் பேட்டரி, இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கம்பி. 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போய், வானத்தின் மின்னூட்டப்பட்ட அடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. மத்திய அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற்றால் பள்ளி மாணவன்கூட இதில் இறங்கலாம். பெங்களூரில் இதற்கு நல்ல பாரம்பரியம் உண்டு. பெங்களூர் அமெச்சூர் ரேடியோ கிளப்பும் இந்திய ஹாம் கழகமும் இங்கே இயங்கி வந்துள்ளன.

களத்தில் என்ன தேவை?

தொலைதூரச் செய்தி ஒரு பக்கம் இருக்க, இடிபாட்டுக்கு முன்னால் நிற்கும் குழுவின் தேவைகள் வேறு. ஆட்களுக்கு இடையே பேச கையில் வாக்கி டாக்கி வேண்டும். அதற்கு உதிரி பேட்டரியும், சார்ஜ் செய்ய ஜெனரேட்டரும் வேண்டும். கான்கிரீட் பலகைகளுக்கு உள்ளே ரேடியோ அலை எளிதில் நுழையாது. அதனால் உலகமெங்கும் மீட்புக் குழுக்கள் இன்றும் ஊதலை நம்புகின்றன. மூன்று குறுகிய ஊதல் என்றால் உடனே வெளியேறு. ஒரு நீண்ட ஊதல் என்றால் எல்லா இயந்திரத்தையும் நிறுத்து, உள்ளே யாராவது முனகுகிறார்களா என்று கேள். ஒரு நீண்ட ஊதலும் ஒரு குறுகிய ஊதலும் வந்தால் வேலையைத் தொடரலாம். ஐ.நா. ஆதரவில் இயங்கும் சர்வதேச மீட்புக் குழுக்களின் விதி இது. எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

மொழி சின்ன விஷயம் இல்லை. காக்ஸ் டவுனில் ஒரு கட்டடம் விழுந்தால் முதலில் ஓடிவருவது அக்கம்பக்கத்தார். அவர்கள் தமிழும் கன்னடமும் பேசுவார்கள், உருதுவும் பேசுவார்கள். பிறகு நகர தீயணைப்புப் படையும் போலீசும் வரும். கர்நாடகம் தேசியப் பேரிடர் மீட்புப் படையில் விஜயவாடா பக்கத்து 10-வது பட்டாலியனின் பொறுப்பு. இன்னும் ஆள் தேவைப்பட்டால் அரக்கோணத்தின் 4-வது பட்டாலியனும் வரலாம். உல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் தலைமையகம் இருக்கிறது. 2024-ல் வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் 190 அடி பெய்லி பாலத்தைப் போட்டவர்கள் இவர்கள்தான். இத்தனை படைகளும் ஒரே தெருவில் நிற்கும்போது, போலீஸ் வயர்லெஸ் தீயணைப்புப் படையின் செட்டில் கேட்காது. ராணுவத்தின் செட் இரண்டிலும் கேட்காது. ஒவ்வொரு துறைக்கும் தனி அலைவரிசை, தனி முறை. கடைசியில் ஒரு துறையின் ஆள் இன்னொரு துறையின் ஜீப்புக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

முகவரி இன்னொரு தலைவலி. பெங்களூரில் ஐந்தாவது கிராஸ், இரண்டாவது மெயின் என்ற தெரு இல்லாத லேஅவுட் இல்லை. வெளியூரிலிருந்து வந்த படைக்கு 'ஐந்தாவது கிராஸில் ஆள் சிக்கியிருக்கிறார்' என்ற செய்தி ஒலி தெளிவாகக் கேட்டாலும் பொருள் தெளிவாக இருக்காது. பகுதியின் பெயர், அடையாளமான கோயில் அல்லது சர்ச், எத்தனை மாடி, எத்தனை பேர் என்று ஒரே வரிசையில் சொல்லப் பழகினால்தான் செய்தி உதவும். ஹாம்கள் பயிற்சியில் முதலில் கற்பது இதைத்தான்: குறைவாகப் பேசு, எழுதிக்கொள், திருப்பிச் சொல்.

வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போது கஸ்டம்ஸ் இன்னொரு தடை. பூஜுக்கு பல நாடுகளிலிருந்து குழுக்கள் வந்தன. வயர்லெஸ் செட்டும் சாட்டிலைட் போனும் கொண்டுவருபவரை எல்லையில் நிறுத்தி லைசென்ஸ் கேட்டால் உள்ளே இருப்பவர் சாவார். இதைத் தவிர்க்க 1998-ல் பின்லாந்தின் டாம்பரே நகரில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. அது நடைமுறைக்கு வந்த தேதி 2005 ஜனவரி 8. சுனாமி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

இதுவரை நடந்தது

பூஜுக்கும் சுனாமிக்கும் பிறகு இந்தியா சும்மா இருக்கவில்லை. 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு தேசிய மீட்புப் படை உருவானது. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் திறக்கப்பட்டது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் ஒரே எண்ணாக 112 வந்தது. ஒரு கம்பெனியின் டவர் சாய்ந்தால் அதன் சந்தாதாரர் இன்னொரு கம்பெனியின் டவரில் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு 2019-ல் ஒடிசாவை ஃபானி புயல் தாக்கியபோது கைகொடுத்தது.

2023 அக்டோபர் 12 அன்று கர்நாடகத்தில் ஏராளமான மொபைல் போன்கள் ஒரே நேரத்தில் விநோதமாக அலறின. அது செல் பிராட்காஸ்ட் என்ற எச்சரிக்கை முறையின் சோதனை. எஸ்.எம்.எஸ். என்பது வீடு வீடாகக் கதவு தட்டிச் சொல்வது. இது கோயில் ஒலிபெருக்கி மாதிரி. ஒருமுறை சொன்னால் டவரின் கீழே உள்ள எல்லோருக்கும் கேட்கும். நெரிசல் இதைப் பாதிக்காது. ஆனால் டவர் உயிரோடு இருக்க வேண்டும். இது மேலிருந்து கீழே மட்டுமே பேசும். இடிபாட்டுக்குள் இருப்பவர் பதில் சொல்ல முடியாது.

மீட்புப் பணியாளரின் அழைப்புக்கு, ஆம்புலன்சுக்கு வழிவிடுவது போல நெட்வொர்க்கில் முன்னுரிமை தர வேண்டும் என்று டிராய் 2013-ல் பரிந்துரைத்தது. எல்லாத் துறைகளும் ஒரே அகலப்பட்டை வலையில் பேச வேண்டும் என்று 2018-ல் மீண்டும் சொன்னது. அப்படி ஒரு வலை சிதைந்தாலும் அதற்குக் கீழே ஒரு பழைய வலை தேவைப்படும். வயநாட்டில் அதுதான் நடந்தது. செல்போன்கள் தடுமாறியபோது கல்பெட்டா கலெக்டர் அலுவலகத்தில் உட்கார்ந்து மலைக்குச் செய்தி அனுப்பியவர்கள் உள்ளூர் ஹாம்கள்.

தெருவுக்குத் தேவையானது

பெங்களூரில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. ராணுவத்துக்கு வயர்லெஸ் தயாரிக்கும் பெல் நிறுவனமும் இருக்கிறது. சாட்டிலைட்டுக்கோ வயர்லெஸ்ஸுக்கோ இந்த நகரில் பஞ்சமில்லை. பஞ்சம் கடைசி அரை கிலோமீட்டரில்தான்: கட்டுப்பாட்டு அறையிலிருந்து காக்ஸ் டவுன் மார்க்கெட்டின் சந்துவரை.

அந்த தூரத்தை நிரப்ப பெரிய செலவு ஆகாது. பகுதிக்கு ஒரு பள்ளியிலோ தீயணைப்பு நிலையத்திலோ பேட்டரியோடு ஒரு செட். அதை இயக்கத் தெரிந்த, உரிமம் பெற்ற நான்கைந்து பேர். யாராவது ஊரில் இல்லாவிட்டால் மாற்று ஆள். மக்கள் கூடும் மைதானம் எது, அங்கிருந்து யார் யாரிடம் போய்ச் சொல்வது என்று முன்கூட்டியே ஒரு முடிவு. எந்த மாடியில் நடக்க முடியாத முதியவர்கள் இருக்கிறார்கள் என்ற காகிதப் பட்டியல், கம்ப்யூட்டருக்கு வெளியே. மற்றவர்களுக்கு ஒரே ஒரு பழக்கம்: பூகம்பம் வந்தால் பேச வேண்டாம், ஒரு வரி எஸ்.எம்.எஸ். போதும். அழைப்பு போகாத நேரத்திலும் அது பெரும்பாலும் நுழைந்துவிடும். லைனும் மிச்சமாகும்.

இவை அனைத்துக்கும் ஒரே ஒரு பரீட்சை உண்டு. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம், அந்தப் பகுதியின் போலீசும் தீயணைப்புப் படையும் தன்னார்வலர்களும் தங்கள் மொபைல்களை அணைத்துப் பையில் போட்டுவிட்டு ஒத்திகை பார்க்க வேண்டும். மார்க்கெட் சந்திலிருந்து ஒரு காயமடைந்தவரைப் பற்றிய செய்தி கட்டுப்பாட்டு அறைக்குப் போய், ஆம்புலன்ஸ் சரியான கிராஸுக்கு வந்து நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு அந்த எண்ணைக் குறைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.